சுகாதாரச் செய்தி மக்களைச் சேர்வது எப்படி? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

சுகாதாரத் தன்னார்வலர்கள், ஆசிரியர்கள், தொழிற்சாலை மேற்பார்வையாளர்கள், நாட்டு நலப்பணித் திட்ட மாணவர்கள் எனப் பலதரப்பட்டவர்களுக்கு நான் வகுப்பு எடுக்கிறேன். ஊர் மாறினாலும் கேள்விகள் மாறுவதில்லை. கேட்டவர்கள் கேட்ட வாக்கிலேயே அவற்றை இங்கே தொகுத்திருக்கிறேன். பின்னால் வரும் பதில்கள் முன்னால் சொன்னதைச் சுட்ட வசதியாக எண் போட்டிருக்கிறேன்.

1. சுகாதாரக் கல்வின்னா நோட்டீஸ் அடிச்சுக் கொடுக்கிறதுதானே?

நோட்டீஸ் அதில் ஒரு பகுதி, அதுவும் சின்னப் பகுதி. தன் உடம்பைப் பற்றி ஒருவர் முடிவெடுக்க வேண்டிய நேரம் வருவதற்கு முன்பே, அதற்கு வேண்டிய விஷயம் அவருக்குப் புரியும்படியாக, அவர் நம்பும் ஆள் மூலமாகப் போய்ச் சேர்ந்திருக்க வேண்டும். அந்த வேலை முழுவதுக்கும்தான் அந்தப் பெயர்.

நாய்க்கடியை எடுத்துக்கொள்ளுங்கள். கடித்தவுடன் ஓடும் தண்ணீரில் சோப்புப் போட்டு 15 நிமிடம் கழுவ வேண்டும், பிறகு தடுப்பூசிக்கு ஓட வேண்டும். இதை ஆஸ்பத்திரிச் சுவரில் ஒட்டி வைத்தால் யார் படிப்பார்கள்? கடிவாயில் மஞ்சளோ சுண்ணாம்போ வைத்துக் கட்டிக்கொண்டு வரிசையில் நிற்பவர்தான் படிப்பார். அதே தாள் பள்ளிக்கூட வாசலிலும் டீக்கடையிலும் இருந்தால் அதற்கு ஓர் அர்த்தம் உண்டு.

2. அட்டவணையில இருக்கிற 22 மொழியிலயும் போட்டுட்டா எல்லாருக்கும் போய்ச் சேர்ந்துடாதா?

கணக்குப் பார்த்தால் அப்படித்தான் தோன்றும். 2011 கணக்கெடுப்பின்படி, பத்தாயிரம் பேருக்கு மேல் பேசும் மொழிகள் நாட்டில் 121. அவற்றில் 22 அரசியலமைப்பின் எட்டாவது அட்டவணையில் இருக்கின்றன. மக்களில் 96 சதவீதத்துக்கும் மேற்பட்டோர் அந்த 22 மொழிகளுக்குள் வந்துவிடுகிறார்கள். ஆனால் அந்தக் கணக்கில் இந்தி என்ற தலைப்புக்குக் கீழே போஜ்புரி, சத்தீஸ்கரி, ராஜஸ்தானி எல்லாம் சேர்ந்தே எண்ணப்பட்டிருக்கின்றன. போஜ்புரி பேசுவோர் மட்டும் ஐந்து கோடிப் பேர். பள்ளிக்கூடம் போகாத ஒரு போஜ்புரிப் பாட்டிக்கு டெல்லி சுற்றறிக்கையின் இந்தி பாதிதான் புரியும்.

நம் பக்கமும் இப்படித்தான். ஆம்பூர், வாணியம்பாடியில் வீட்டுக்குள் உருது பேசுகிறார்கள். ஓசூர்ப் பக்கம் தெலுங்கும் கன்னடமும், மதுரையில் பல தெருக்களில் சௌராஷ்டிரமும் கேட்கும். வெளியே எல்லோரும் தமிழ் பேசுவார்கள், சரி. ஆனால் குழந்தைக்கு ஊசி போடலாமா வேண்டாமா என்ற பேச்சு வீட்டுக்குள் வீட்டு மொழியில்தான் நடக்கிறது. இன்னொன்று, அச்சடிப்பது படிக்கத் தெரிந்தவர்களுக்கு மட்டும்தான். அதே 2011 கணக்கில் ஏறக்குறைய நாலில் ஒருவருக்கு எழுதப் படிக்கத் தெரியாது.

3. மேலிருந்து இங்கிலீஷ்ல வருது. அதை நல்ல தமிழ்ல மொழிபெயர்த்தா போதாதா?

மொழிபெயர்ப்பில் ஒரு பிழைகூட இல்லாமலே செய்தி தோற்றுப்போகும். வயிற்றுப்போக்கின்போது கரைத்துக் கொடுக்கும் உப்பு, சர்க்கரைப் பொடியான ஓஆர்எஸ் பொட்டலத்தின் பின்பக்கத்தைப் பாருங்கள். “முழுவதையும் ஒரு லிட்டர் குடிநீரில் கரைக்கவும். 24 மணி நேரத்துக்குள் பயன்படுத்தவும்.” சரியான வாசகம்தான். ஆனால் படிக்கும் அம்மாவின் மனதில் வேறு கணக்கு ஓடுகிறது. குழந்தை குடிக்கப்போவது அரை டம்ளர், எதற்கு ஒரு லிட்டர் கரைத்து வீணாக்குவது என்று கால் பொட்டலத்தைக் கண்ணளவில் டம்ளரில் கொட்டுகிறார். பொடி குறைந்தால் பலன் இல்லை. கூடினால் உப்பு அதிகமாகிக் குழந்தைக்கு ஆபத்து.

அவர் பயப்படுவது வீணாகிவிடுமே என்றுதான். அதற்கான பதில் ஆங்கில மூலத்தில் இல்லை, அதனால் மொழிபெயர்ப்பிலும் வரவில்லை. நான் எழுதினால் இப்படி எழுதுவேன்: “பொட்டலத்தில் ஒரு லிட்டர் என்று போட்டிருந்தால், பொடி முழுவதையும் ஒரே தடவையில் ஒரு லிட்டர் வாட்டர் பாட்டிலில் கொட்டிக் கரையுங்கள். மிச்சமானால் மறுநாள் கொட்டிவிடலாம், பரவாயில்லை. குழந்தை வாந்தி எடுத்தால் பத்து நிமிடம் பொறுத்து, மறுபடி ஸ்பூன் ஸ்பூனாகக் கொடுங்கள்.” கடைசி வரி ஏன் என்றால், அடுத்து அவர் கேட்கப்போவது அதுதான். கடையில் ‘ஓஆர்எஸ்’ என்ற பெயரோடு இனிப்புப் பானங்களும் விற்றுக்கொண்டிருந்தன. உலக சுகாதார நிறுவனத்தின் அளவுப்படி இல்லாத பானங்களுக்கு அந்தப் பெயரை வைக்கக் கூடாது என்று உணவுப் பாதுகாப்பு ஆணையம் 2025 அக்டோபரில்தான் தடுத்தது. ஆகவே பொட்டலத்தைக் கையில் எடுத்துக் காட்டியே சொல்லிக்கொடுங்கள்.

சாதாரண ஆட்களுக்கு இதெல்லாம் வராது என்று சொல்பவர்களுக்கு ஒரு தகவல். 1971-இல் வங்கதேச அகதிகள் தங்கிய பன்காவ் முகாமில் காலரா பரவி, நரம்பில் ஏற்றும் திரவம் தீர்ந்துபோனது. டாக்டர் திலீப் மஹலானபிஸ் உப்பு, சர்க்கரைக் கரைசலை டிரம் டிரம்மாகக் கலக்க வைத்து, நோயாளிகளின் சொந்தக்காரர்கள் கையிலேயே கொடுத்தார். 30 சதவீதம் வரை இருந்த இறப்பு 4 சதவீதத்துக்கும் கீழே வந்தது. முகாமில் செவிலியர் பயிற்சி பெற்றவர்களா அத்தனை பேரும்?

4. அப்போ படம் போட்டுடலாமே, மொழிப் பிரச்சினையே வராதே?

படத்துக்கும் மொழி உண்டு. ‘முதலில் காய்ச்சல், பிறகு மாத்திரை, பிறகு சிரிப்பு’ என்று மூன்று கட்டம் வரைந்தால், உருது படித்துப் பழகியவர் கண் வலப்பக்கத்திலிருந்து தொடங்கலாம். சிரித்த குழந்தை மாத்திரை சாப்பிட்டுக் காய்ச்சலில் படுத்த கதையாகிவிடும். கட்டங்களை மேலிருந்து கீழாக வரையுங்கள், இந்தச் சிக்கல் தீர்ந்தது.

படத்தைத் திரும்பத் திரும்பப் பார்த்துப் பழகியபிறகுதான் அது பேசும். குடும்பக் கட்டுப்பாட்டின் தலைகீழ்ச் சிவப்பு முக்கோணத்தைப் பார்த்தவுடனே எல்லோருக்கும் புரிந்துவிடவில்லை. பல்லாண்டுகள் சுவர் சுவராக எழுதி, வானொலியில் சொல்லிச் சொல்லித்தான் அது நிலைத்தது. புதிதாக ஒரு குறியீட்டை நீங்களே உருவாக்கி அடுத்த வாரமே பலனை எதிர்பார்க்காதீர்கள்.

5. போன்லயே மொழிபெயர்க்கிற வசதி இருக்கே, அதை வச்சு ஒப்பேத்தலாமா?

முதல் வரைவுக்கு வைத்துக்கொள்ளலாம். தமிழ், இந்தி, வங்கம் போன்ற பெரிய மொழிகளில் ஓரளவு நன்றாகவே வருகிறது. ஆனால் மருந்தின் அளவு, எத்தனை வேளை, ‘கூடாது’ என்ற சொல் ஆகிய மூன்றையும் அந்த மொழி தெரிந்த ஓர் ஆள் பார்க்காமல் வெளியே விடாதீர்கள். அவரிடம் மூலத்தைக் காட்டாமல் மொழிபெயர்ப்பை மட்டும் கொடுத்து, ‘இதில் என்ன செய்யச் சொல்லியிருக்கிறது?’ என்று கேளுங்கள். தவறு இருந்தால் அங்கேயே தெரிந்துவிடும்.

6. எங்க மில்லுல வேலை பார்க்கிறவங்க எல்லாம் வடக்கத்திக்காரங்க. இந்தியில ஒரு போர்டு வச்சா போதும்தானே?

முதலில் அவர்கள் எந்த ஊர்க்காரர்கள் என்று கேளுங்கள். திருப்பூர், கோவை மில்களில் பீகார்க்காரர்களோடு ஒடிசா, மேற்கு வங்கம், அசாம், ஜார்கண்ட் ஆட்களும் இருக்கிறார்கள். ஒடியாக்காரர் இந்தியில் பேரம் பேசுவார், சினிமா பார்ப்பார். இரண்டு வாரமாகச் சளியோடு இருமல், ராத்திரியில் வியர்வை, எடை குறைகிறது என்று காசநோய் அறிகுறிகளை விவரிக்க அந்த இந்தி போதாது.

போர்டைவிடப் பலன் தருவது, விடுதியில் ஒவ்வொரு மொழிக்கும் ஓர் ஆளைப் பிடித்துப் பயிற்சி கொடுப்பது. எந்த ஆஸ்பத்திரி, எத்தனை மணி, எந்தக் கவுண்டர், சம்பளம் பிடிப்பார்களா என்பதை அவர் சொன்னால் மற்றவர்கள் நம்புவார்கள். சம்பளம் பிடிப்பீர்கள் என்றால் எந்த மொழியில் சொன்னாலும் யாரும் போகமாட்டார்கள். அதை நீங்கள்தான் முடிவு செய்ய வேண்டும். மன உளைச்சலுக்கு 14416 என்ற டெலி மானஸ் எண் இருக்கிறது. 2022-இல் தொடங்கிய அந்தச் சேவையில் 20 மொழிகளில் பேசலாம். அந்த எண்ணை எழுதி ஒட்டுங்கள்.

7. எழுத்தே இல்லாத மொழிக்கு என்ன பண்றது?

பேசுங்கள். அந்த மொழிகளில் எல்லாமே பேச்சில்தானே நடக்கிறது! நீலகிரியில் இருளர், குறும்பர், பணியர், தோடர், கோத்தர் என ஒவ்வொருவருக்கும் தனி மொழி உண்டு. மத்திய இந்தியப் பழங்குடிகள் பேசும் கோண்டியை 2011-இல் ஏறக்குறைய 30 லட்சம் பேர் தாய்மொழியாகச் சொன்னார்கள். அது எட்டாவது அட்டவணையில் இல்லை. ஒரு மாநிலத்தில் தேவநாகரியிலும் இன்னொன்றில் தெலுங்கு எழுத்திலும் எழுதுகிறார்கள். சத்தீஸ்கரில் 2010-இல் தொடங்கிய சிஜிநெட் ஸ்வராவில், ஒரு எண்ணுக்குப் போன் செய்து கோண்டியிலேயே பேசிப் பதிவு செய்யலாம், மற்றவர்கள் பேசியதையும் கேட்கலாம்.

காது கேளாதவர்களை இந்தப் பேச்சில் எல்லோரும் மறந்துவிடுகிறோம். அவர்களில் பலருக்கு முதல் மொழி இந்திய சைகை மொழிதான். எழுத்துத் தமிழ் அதற்குப் பிறகுதான். வீடியோவுக்குக் கீழே தமிழ் எழுத்து ஓடவிட்டால் அவர்களுக்குப் போதும் என்று நினைப்பது தவறு.

8. மாத்திரை அட்டையில தமிழே இல்லையே, அதை யார்கிட்ட கேக்கறது?

நியாயமான கோபம். மாத்திரை அட்டைகள் பெரும்பாலும் ஆங்கிலத்தில்தான் வருகின்றன. உணவுப் பொட்டலத்திலும் ஆங்கிலமோ தேவநாகரி இந்தியோ இருந்தால் போதும் என்பதுதான் விதி. மற்ற மொழி கூடுதலாகப் போட்டுக்கொள்ளலாம், கட்டாயமில்லை. இந்த விதி மாற வேண்டும் என்பது என் கருத்து.

அதுவரைக்கும் என்ன செய்வது? அட்டையில் மேலிருந்து கீழாகச் சிவப்புக் கோடு இருந்தால் டாக்டர் சீட்டு இல்லாமல் வாங்கக் கூடாது என்பதைச் சொல்லிக்கொடுங்கள். ஆண்டிபயாடிக்கை இஷ்டத்துக்கு வாங்குவதைக் குறைக்க மத்திய சுகாதார அமைச்சகம் 2016-இல் இந்தக் கோட்டைப் பிரபலப்படுத்தியது. நிறைய பேர் அதை அலங்காரம் என்றே நினைத்துக்கொண்டிருக்கிறார்கள். மருந்துக் கடைக்காரரிடம் உறையின் மேல் ‘காலை 1, இரவு 1, சாப்பிட்ட பின்’ என்று தமிழில் எழுதித் தரச் சொல்லுங்கள். கேட்டால் எழுதித் தருவார்கள், கேட்பவர்தான் குறைவு.

9. பயமுறுத்தினாதான் சார் நம்ம ஜனங்க கேப்பாங்க. புள்ளிராஜா ஞாபகம் இருக்கா?

நன்றாகவே இருக்கிறது. 2000-களின் தொடக்கத்தில் ‘புள்ளிராஜாவுக்கு எய்ட்ஸ் வருமா?’ என்று தமிழ்நாடு முழுக்கப் பதாகை வைத்தார்கள். பேருந்தில், பெட்டிக்கடையில் எல்லாம் அதே பேச்சு. பொது இடத்தில் உச்சரிக்கவே கூசிய ஒரு சொல்லை அந்த விளம்பரம் சாதாரணமாக்கியது. அது உண்மையான சாதனை. ஆனால் அது பயமுறுத்தவில்லை, ஆவலைத் தூண்டியது. அதன் குறை வேறு. ஊர் சுற்றும் புள்ளிராஜாக்களுக்குத்தான் இது வரும், நமக்கில்லை என்று மற்றவர்கள் நிம்மதியாகிவிட்டார்கள். கணவன் மூலம் தொற்று வந்த பெண்கள் அந்தப் பதாகையில் தங்களைப் பார்க்கவே இல்லை. கிண்டல் பெயராகவும் அது மாறிப்போனது. கிண்டல் செய்யப்படும் நோய்க்குப் பரிசோதனை செய்துகொள்ள யார் முன்வருவார்?

பயம் வேலை செய்யும் இடமும் உண்டு. புகையிலைப் பொருட்களில் 2016 ஏப்ரல் முதல் அட்டையின் இரு பக்கத்திலும் 85 சதவீத இடத்துக்கு எச்சரிக்கைப் படம் வருகிறது. 2016-17 தேசிய ஆய்வில், சிகரெட் பிடிப்பவர்களில் 10-க்கு 6 பேர் அதைப் பார்த்து விட்டுவிடலாமா என்று யோசித்ததாகச் சொன்னார்கள். அதோடு நிற்காமல், 2018-லிருந்து விடுவதற்கு உதவும் 1800-11-2356 என்ற எண்ணையும் அட்டையில் போடுகிறார்கள். பயம் காட்டினால் கையோடு ஒரு வழியும் காட்ட வேண்டும். வழி காட்டாவிட்டால் ஆள் அட்டையைத் திருப்பி வைத்துவிடுவார். ஒன்றிரண்டாகச் சில்லறையில் வாங்குபவர் அட்டையையே பார்ப்பதில்லை என்பது தனிக் கதை.

10. போலியோவை ஒழிச்சது அமிதாப் பச்சன் விளம்பரம்னு சொல்றாங்களே?

விளம்பரம் உதவியது. சொட்டு மருந்து போடும் தேதியை ஊருக்கே தெரியவைத்தது. 1995-இல் தொடங்கிய அந்தத் திட்டம் பெரும்பாலான மாநிலங்களில் சீக்கிரமே பலன் தந்தது. மேற்கு உத்தரப் பிரதேசத்திலும் பீகாரிலும்தான் சிக்கிக்கொண்டது. 2009-இல்கூட நாட்டில் 741 பேருக்குப் போலியோ வந்தது. உலகக் கணக்கில் கிட்டத்தட்ட பாதி அது. அங்கே இருந்தவர்களுக்குத் தேதி தெரியாமல் இல்லை. மலடாக்கும் மருந்து என்று வதந்தி. அதைவிட முக்கியமாக ஒரு நேர்மையான கேள்வி இருந்தது: ‘சாக்கடை அள்ள ஆள் வரவில்லை, காய்ச்சலுக்கு மாத்திரை இல்லை, இந்த இரண்டு சொட்டை மட்டும் மாதாமாதம் வீடு தேடி வந்து கொடுக்கிறீர்களே, ஏன்?’

பதில் இரண்டு வகையில் வந்தது. ஒன்று ஆள். அதே தெருப் பெண்களை வேலைக்கு எடுத்து, எந்த வீட்டில் எத்தனை குழந்தை, யார் மறுத்தார்கள் என்று கையில் கணக்கு வைத்துக்கொள்ளச் செய்தார்கள். வீட்டுச் சுவரில் சாக்பீஸால் ‘பி’ என்று எழுதினால் எல்லாக் குழந்தைக்கும் போட்டாயிற்று, ‘எக்ஸ்’ என்றால் மறுபடி வர வேண்டும். இமாம்கள் பள்ளிவாசல் ஒலிபெருக்கியில் அறிவித்தார்கள். அலிகர் முஸ்லிம் பல்கலைக்கழகமும் ஜாமியா மில்லியாவும் துணைக்கு வந்தன. இரண்டாவது, பேச்சின் உள்ளடக்கம். நோய் விடாமல் இருந்த 107 வட்டாரங்களில் கை கழுவுதல், தாய்ப்பால், ஓஆர்எஸ், துத்தநாக மாத்திரை என மற்றதையும் சேர்த்துக் கொடுத்தார்கள். மக்கள் கேட்ட கேள்விக்கு அதுதான் பதில்.

இயற்கையாகப் பரவும் போலியோ வைரஸால் பாதிக்கப்பட்ட கடைசி நோயாளி 2011 ஜனவரியில், மேற்கு வங்கத்தின் ஹவுரா மாவட்டத்தில். 2014 மார்ச் 27 அன்று தென்கிழக்கு ஆசியப் பிராந்தியத்துக்கே போலியோ இல்லை என்ற சான்று கிடைத்தது.

11. வாட்ஸ்அப்ல தப்பா ஒண்ணு வந்தா பதில் போடலாமா? போட்டா அதுதானே இன்னும் பரவுது?

பரவாத வதந்திக்குப் பதில் போடாதீர்கள், நீங்களே விளம்பரம் செய்ததாகிவிடும். பள்ளி வாசலில் நாலு பெற்றோர் அதையே கேட்கிறார்கள் என்றால் பரவிவிட்டது, அப்போது பேசியே ஆக வேண்டும். 2017 பிப்ரவரியில் தட்டம்மை, ரூபெல்லா தடுப்பூசி முகாம் தமிழ்நாட்டில் தொடங்கியபோது, வாட்ஸ்அப் குரல் பதிவுகளைக் கேட்டுப் பயந்துபோய்ப் பல பெற்றோர் பிள்ளைகளைப் பள்ளிக்கே அனுப்பவில்லை. முகாமை நீட்டிக்க வேண்டி வந்தது. புதிய ஊசி ஒன்று வருகிறது, ஏன் இந்த வயதுவரை எல்லாக் குழந்தைக்கும் போடுகிறோம் என்பதைப் பெற்றோரிடம் முன்கூட்டியே பேசியிருந்தால் அந்தக் குரல் பதிவுகளுக்கு அவ்வளவு இடம் கிடைத்திருக்காது.

பதில் போடும்போது உண்மையை முதல் வரியில் சொல்லுங்கள். பொய்யை முழுதாகத் திருப்பி எழுத வேண்டாம். குரல் பதிவுக்குக் குரல் பதிவாலேயே பதில் சொல்லுங்கள். அனுப்பியவரை முட்டாள் என்று சொல்லாதீர்கள், பெரும்பாலும் அவர் உங்கள் சித்தப்பாவாக இருப்பார். ‘சர்க்கரையை அடியோடு குணமாக்கும்’ என்று மருந்து விற்கும் விளம்பரம் என்றால் விஷயம் வேறு. 1954-ஆம் ஆண்டு மருந்து, மாய மருந்து விளம்பரச் சட்டப்படி அது குற்றம், புகார் கொடுக்கலாம்.

12. ஊசி போட்டா காய்ச்சல் வரும்னு முதல்லயே சொன்னா பயந்துட மாட்டாங்களா?

சொல்லாமல் விட்டு ராத்திரி பத்து மணிக்குக் குழந்தை உடம்பு கொதித்தால் அதைவிடப் பயப்படுவார்கள். அடுத்த ஊசிக்கு வரமாட்டார்கள். பக்கத்து வீட்டுக்காரரையும் வரவிடமாட்டார்கள். ‘இன்று ராத்திரி காய்ச்சல் வரலாம், ஒன்றிரண்டு நாளில் போய்விடும், இந்த மருந்தை இவ்வளவு கொடுங்கள், விடாமல் அழுதாலோ வலிப்பு வந்தாலோ உடனே கூப்பிடுங்கள்’ என்று சொல்லி அனுப்பும் நர்சம்மாவை, காய்ச்சல் வந்தபிறகு அந்த வீட்டில் இன்னும் அதிகமாக நம்புகிறார்கள். அவர் சொன்னபடியே நடந்ததல்லவா!

கர்ப்பிணிகளுக்குக் கொடுக்கும் இரும்புச்சத்து மாத்திரைக்கும் இதே கதைதான். மலம் கறுப்பாகப் போகும் என்று சொல்லாததால் மாத்திரையை நிறுத்திவிட்டவர்கள் எத்தனையோ பேர்.

13. புரிஞ்சுதான்னு கேட்டா எல்லாரும் தலையாட்டுறாங்க. எப்படிக் கண்டுபிடிக்கிறது?

‘புரிஞ்சுதா?’ என்று கேட்காதீர்கள். பெரியவர் முன்னால் இல்லை என்று சொல்வது நம் ஊரில் மரியாதைக் குறைவு. ‘வீட்டுக்குப் போனதும் மாமியார் கேப்பாங்கல்ல, என்ன சொல்வீங்க?’ என்று கேளுங்கள். அவர் தன் வார்த்தையில் சொல்லும்போது எது விட்டுப்போனது என்று தெரிந்துவிடும். விட்டுப்போனால், ‘நான்தான் சரியாச் சொல்லலை’ என்று திரும்பச் சொல்லுங்கள். நோட்டீஸையும் அச்சுக்குப் போகுமுன் இதே மாதிரி ஏழெட்டுப் பேரிடம் சோதிக்கலாம். 3-இல் சொன்ன கால் பொட்டலக் கணக்கெல்லாம் இப்படித்தான் வெளியே வரும்.

14. எல்லாம் தெரிஞ்சும் செய்ய மாட்டேங்கிறாங்களே?

அப்படியானால் குறை தகவலில் இல்லை. காசநோய்க்குக் குறைந்தது ஆறு மாதம் மருந்து சாப்பிட வேண்டும் என்று அவருக்குத் தெரியும். தினக்கூலிக்காரர் மருந்து வாங்கப் போனால் அன்றைய கூலி போகிறது. வெறும் வயிற்றில் மாத்திரை குமட்டுகிறது. அதனால்தான் மாதம் 500 ரூபாய் ஊட்டச்சத்து உதவியை 2018-இல் தொடங்கி, 2024 நவம்பரில் 1,000 ஆக்கினார்கள். ரத்த அழுத்தம், சர்க்கரை மாத்திரையை வீட்டுக்கே கொண்டுபோய்க் கொடுக்கும் ‘மக்களைத் தேடி மருத்துவம்’ 2021-இல் வந்ததும் இதே காரணத்தால்தான். விழிப்புணர்வு இல்லை என்று எழுதி அறிக்கையை முடிப்பது சுலபம். பேருந்து வசதி இல்லை என்று எழுதினால் யாராவது பதில் சொல்ல வேண்டியிருக்கும்.

15. நேத்து ஒண்ணு, இன்னைக்கு ஒண்ணு சொன்னா யார் நம்புவா? மாஸ்க் விஷயத்துல அப்படித்தானே ஆச்சு?

ஆனதுதான். 2020 மார்ச்சில், நோய் இல்லாதவர்களுக்கு முகக்கவசம் தேவையில்லை என்றார்கள். ஏப்ரல் தொடக்கத்தில், வீட்டில் தைத்ததையாவது கட்டிக்கொள்ளுங்கள் என்றது அமைச்சகம். மாற்றியதில் தப்பில்லை, அறிவியல் அப்படித்தான் நகரும். முதல் தடவை ‘தேவையே இல்லை’ என்று அடித்துச் சொன்னதுதான் தப்பு.

2018-இல் கோழிக்கோட்டில் நிபா வந்தபோது, கோழியால் பரவுகிறது என்றுகூட வதந்தி கிளம்பியது. கேரள சுகாதாரத் துறை தினமும் செய்தியாளர்களைச் சந்தித்தது. தெரிந்தது இது, இன்னும் சோதனையில் இருப்பது இது என்று பிரித்துச் சொன்னது. அதே வழக்கத்தை நீங்களும் வைத்துக்கொள்ளலாம். நோட்டீஸில் தேதி போடுங்கள். ‘இன்றைய நிலவரப்படி’ என்று ஆரம்பியுங்கள். அறிவுரை மாறினால் பழைய தாளைக் கிழித்துவிட்டுப் புதியதை அதே இடத்தில் ஒட்டி, எது மாறியது, ஏன் மாறியது என்று முதல் இரண்டு வரியில் எழுதுங்கள். பழையதும் புதியதும் ஒரே சுவரில் பக்கத்துப் பக்கத்தில் தொங்கும் ஆரம்ப சுகாதார நிலையங்கள் இன்றும் நிறைய இருக்கின்றன.